பாத்திரத்தில் வெட்டிய பெயர்

பழம்பொருள் தேடும் ஆர்வம் இன்று நகரத்து இல்லங்களிலே பெருகி வருதலை அன்பர்கள் அறிவார்கள். பெங்களூரில் புதுமனை கட்டுவோர், அடுப்பங்கரைக்கு வேண்டிய மின்கருவிகள் யாவும் வாங்கிய பின்னர், கூடத்து மாடத்தில் வைப்பதற்கென்று பழைய பித்தளைக் கூசாவும், வெண்கல உருளியும், எனாமல் தூக்கும் தேடி அலைகின்றனர். உணவு விடுதிகளும் சுவரிலே அரிவாள்மணையையும் முறத்தையும் மாட்டி அழகு பார்க்கின்றன. பாட்டிமார் பரண்மேல் ஏற்றியவற்றைப் பேத்திமார் இறக்கி வைக்கும் காலம் இது. இதனை வீண் ஆடம்பரம் என்று இகழ்வோர் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. ஆயினும், இங்ஙனம் கைமாறும் பாத்திரங்களோடு நம்மவர் வரலாறும் கைமாறிப் போகின்றதே என்னும் கவலை எமக்கு உண்டு. அதனையே இவ்வாண்டு மலரில் எடுத்துரைக்க விழைகின்றோம்.

பாத்திரத்தில் உடையவர் பெயரை வெட்டி வைத்தல் தமிழரிடையே மிகப் பழைய வழக்கம். கீழடி அகழாய்வுகளில் கிடைத்த பானையோடுகளிலே ‘ஆதன்’, ‘குவிரன்’ என்பன போன்ற பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டிருத்தலை நாளிதழ்களில் அனைவரும் படித்திருப்பீர்கள். கடல் கடந்து சென்ற தமிழரும் இவ்வழக்கத்தை விட்டாரில்லை. எகிப்து நாட்டில், செங்கடற் கரையிலுள்ள குசெய்ர் அல்-காதிம் என்னும் பழைய துறைமுகத்தில் ‘கணன்’, ‘சாதன்’ என்னும் பெயர்கள் பொறித்த ஓடுகள் கிடைத்துள்ளன. ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு ஒன்றும் அங்கேயே கிடைத்தது. உறியில் வைக்கும் பானை என்று அறிஞர் அதற்குப் பொருள் கூறுவர். வணிகம் செய்யப் போனவன் யார், அவன் எந்நாட்டான் என்பதை அரசர் எவரும் கல்லில் எழுதி வைக்கவில்லை. அவன் சோறுண்ட பானையின் உடைந்த ஓடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் அதனைச் சொல்லிற்று.

இச்செய்தி புலம்பெயர்ந்து வாழும் நமக்கு மிக நெருங்கியது. பங்காருபேட்டை ஒரு காலத்தில் பௌரிங்பேட்டை என வழங்கியது. மைசூரின் ஆணையராயிருந்த பௌரிங் துரையின் பெயரால் வந்த பெயர் அது. சோலையார்பேட்டையிலிருந்து பெங்களூர் செல்லும் இருப்புப்பாதை 1864ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. 1880ஆம் ஆண்டு ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலை ஏற்று நடத்தத் தொடங்கினர். அது முதற்கொண்டு வட ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் இங்கு வந்து குடியேறினர். நிலம் இல்லாதவராய், பலர் கடன்பட்டவராய் வந்த அவர்கள் மூட்டையில் கொணர்ந்த செல்வம் யாது? கூழ் குடிக்க ஒரு கும்பா, தண்ணீர் மொள்ள ஒரு செம்பு, மணமகளுக்குத் தாய்வீட்டார் கொடுத்த ஒரு தவலை. இவையே. வந்த இடத்தில் கேழ்வரகே உணவாதலின் திருகைக்கல்லும், களி கிண்டும் துடுப்பும் உடன் சேர்ந்தன.

இப்பாத்திரங்களில் வெட்டிய எழுத்துகளை யாரேனும் கூர்ந்து படித்ததுண்டா? உடையவரின் பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, மணநாள், சிலவற்றில் சொந்த ஊரின் பெயர் ஆகியன அவற்றில் இருக்கும். எம் இல்லத்துப் பித்தளை அண்டாவில் பாட்டியார் பெயரும் அவர் பிறந்த சிற்றூரின் பெயரும் உள்ளன. அந்த ஊருக்கு எம் குடும்பத்தார் இன்று போவதில்லை. அங்கே எமக்கு நிலமும் இல்லை, உறவும் இல்லை. அவ்வூரோடு எம்மை இணைக்கும் எழுத்துச் சான்று அந்த அண்டா ஒன்றே. கடிதம் எழுதத் தெரியாத ஒரு பெண்மணிக்கு வேறு என்ன ஆவணம் இருக்க முடியும்? நிலப்பட்டாவில் அவர் பெயர் இல்லை. சம்பளப் புத்தகத்தில் இல்லை. பாத்திரத்தில் மட்டும் இருந்தது. மாதக் கடைசியில் அடகுக் கடைக்குப் போன பாத்திரத்தை மீட்டு வரும்போது அடையாளம் காட்டியதும் அப்பெயரே.

நிற்க. அடுப்பங்கரையின் உலோகங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ என்பார் தோண்டி எடுத்த வெண்கலக் கலங்கள் சென்னை அருங்காட்சியகத்தில் உள்ளன. நம் நாட்டில் வெண்கலத் தொழில் எத்துணைப் பழைமை வாய்ந்தது என்பதற்கு அவை சான்றாம். அலுமினியம் நேற்று வந்தது. சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் தலைவராயிருந்த ஆல்பிரட் சாட்டர்டன் 1898ஆம் ஆண்டு வாக்கில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை அங்கே தொடங்கி வைத்தார். எடை குறைவு, விலையும் குறைவு. ஆதலின் அது ஏழையர் வீடுகளில் விரைந்து பரவியது. துருப்பிடிக்காத எஃகினை 1913ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரில் ஹாரி பிரேர்லி என்பார் உருவாக்கினார். அதுவே நம் பெண்டிர் ‘எவர்சில்வர்’ என்று பெயரிட்டுப் போற்றிய உலோகம். புளி போட்டுத் துலக்க வேண்டா, ஈயம் பூச வேண்டா என்றால் யார்தாம் விரும்பார்? பழைய பித்தளையைப் போட்டுப் புதிய எவர்சில்வர் வாங்கும் வழக்கம் தெருத்தோறும் நடந்தது. உழைக்கும் பெண்களின் கைவலியைக் குறைத்த மாறுதலை யாம் குறைகூற மாட்டோம். ஆனால் அந்தப் பண்டமாற்றில் எத்தனை பெயர்கள் உலைக்களத்தில் உருகினவோ!

பழைய பாத்திரம் தேடுவோர் இன்று முதலில் நாடும் ஊர் காரைக்குடி. அங்கே முனீசுவரன் கோயில் தெருவில் பழம்பொருட் கடைகள் வரிசையாக உள்ளன. பர்மா, மலாயா முதலிய நாடுகளில் பெருந்தொழில் செய்த நகரத்தார், சுவீடன், ஜப்பான் ஆகிய நாடுகளின் எனாமல் தூக்குகளையும் தட்டுகளையும் வாங்கி வந்து வீடுகளை நிரப்பினர். திருமணத்தின்போது சீர்ப்பாத்திரங்களைப் பரப்பி வைத்துக் காட்டுதல் அவர்தம் மரபு. 1942ஆம் ஆண்டு ஜப்பானியர் பர்மாவுக்குள் புகுந்தபோது அவர்களது தொழில் குலைந்தது. பிற்காலத்தில் பெரிய வீடுகள் பல பங்குகளாகப் பிரிந்தன. பராமரிக்க இயலாமல் பொருள்கள் விற்பனைக்கு வந்தன. கடையில் வண்ண வண்ணமாக அடுக்கியிருக்கும் தூக்கைக் கண்டு மகிழ்வோர், அது ஒரு குடும்பம் கடல் கடந்து ஈட்டியதன் எச்சம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் நன்று.

அகமதாபாத் நகரில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். கட்டட அலங்காரக் கலைஞரான சுரேந்திர பட்டேல் என்பார், பழைய பாத்திரங்கள் உருக்குவதற்குப் போவதைக் கண்டு மனம் பொறாது அவற்றைத் திரட்டலானார். அவருடைய விசாலா உணவு விடுதியின் வளாகத்திலேயே 1981ஆம் ஆண்டு ‘வேச்சார்’ என்னும் பாத்திர அருங்காட்சியகம் எழுந்தது. குடங்களும், வெற்றிலைப் பெட்டிகளும், பாக்குவெட்டிகளும், தேங்காய்த் துருவிகளுமாக ஆயிரக்கணக்கான பொருள்கள் அங்கு உள்ளன. கலை ஆய்வாளர் ஜோதீந்திர ஜெயின் துணை நின்றார். ஒரு தனிமனிதர் பழைய இரும்புக் கடையின் வாசலில் இத்தனையும் காப்பாற்றியிருக்கிறார் என்றால், ஒரு சங்கம் எவ்வளவோ செய்யலாம்.

நம் பகுதியின் நிலை யாது? 1956ஆம் ஆண்டு மைசூர் அரசு சுரங்கங்களை ஏற்றது; பின்னர் அவை நடுவண் அரசின் வசமாயின; 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அன்று முதல் ஆயிரக்கணக்கானோர் விடியலிலே ரயிலேறிப் பெங்களூர் சென்று உழைத்து இரவில் திரும்புகின்றனர். பல குடும்பங்கள் அங்கேயே குடிபோயின. வீட்டை ஒழிக்கும்போது முதலில் எடைக்குப் போவது பித்தளையும் வெண்கலமுமே. வாங்குவோர் சிலர், பெயர் வெட்டிய பொருளை நகரத்தார் விரும்பார் என்று அவ்வெழுத்தை அரத்தால் இழைத்து, மெருகேற்றி விற்கின்றனர். ரயில்வேயில் பணிபுரியும் எமக்கு இது ஓர் உவமையை நினைவூட்டுகிறது. பார்சலின்மேல் ஒட்டிய முகவரிச் சீட்டு கிழிந்து போயின், உள்ளே பொன்னே இருந்தாலும் அது உரிமை கோரப்படாத சரக்கு, ஏலத்துக்குத்தான் போகும். பெயர் இழைக்கப்பட்ட பாத்திரமும் அத்தகையதே. அனுப்பியவர் யார், பெறவேண்டியவர் யார் என்று சொல்ல அதற்கு வாயில்லை.

பழம்பாத்திரம் திரட்டும் அன்பர்களுக்குச் சில கூறுவோம். துலக்குவதற்கு முன் எழுத்தைப் படியுங்கள். தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படியெடுத்துக் கொள்ளுங்கள். ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு படி, படி எட்டு ஒரு மரக்கால் என்ற கணக்கைப் பிள்ளைகளுக்குச் சொல்லி அந்த அளவைகளைக் கையில் கொடுங்கள். 1956ஆம் ஆண்டின் அளவைச் சட்டத்துக்குப் பின் லிட்டர் வந்து அவை மறைந்தன. பித்தளையில் சமைப்பதாயின் வெள்ளீயம் பூசாமல் புளிப்பு ஊற்றாதீர், களிம்பு ஏறும். ரசத்துக்குரிய ஈயச் சொம்பினை வெறுமையாக அடுப்பில் ஏற்றாதீர். வெள்ளீயம் 232 பாகை வெப்பத்தில் உருகிவிடும். காரீயம் கலந்ததோ என்ற ஐயமுள்ள பாத்திரத்தை அழகுக்கு மட்டும் வைத்திருங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டத்துள் அடங்கும். தனியார் அவற்றை அயல்நாடு அனுப்புதல் குற்றம் என்பதையும் நினைவிற் கொள்க.

இனி எம் வேண்டுகோள். சங்கத்தின் நூலகத்தில் ஒரு பேரேடு வைப்போம். பாத்திரத்தை விற்பவர் விற்கட்டும். வறுமையின் தேவையைத் தடுக்க நம்மால் இயலாது. விற்குமுன் அதில் வெட்டிய பெயர், ஊர், ஆண்டு, எழுத்தின் படி ஆகியவற்றை அப்பேரேட்டில் பதிந்து செல்லட்டும். விற்க மனமில்லாதவர் கொடுக்கும் பொருள்களுக்கு ஓர் அலமாரி போதும். செலவு மிகச் சிறிது. ஐந்தாண்டுகள் இதனைச் செய்வோமாயின், எந்தெந்தச் சிற்றூர்களிலிருந்து எந்தெந்தக் குடும்பங்கள் இப்பொன்வயலுக்கு வந்தன என்னும் வரலாறு, வேறெங்கும் எழுதப்படாதது, நம் கையில் இருக்கும். அதில் பெரும்பாலும் பெண்டிர் பெயர்களே நிறைந்திருக்கும் என்பது அதன் தனிச்சிறப்பு.

சுரங்கத்தின் பொன் முழுவதும் பிறர் கைக்குப் போயிற்று. நம் வீட்டுப் பித்தளையிலுள்ள பெயர்களையேனும் நாம் காத்துக்கொள்வோம். சங்கத்தார் ஆவன செய்வார்களாக!