கணுக்காலும் சமநிலையும்

ஆழம் குறைந்த பழவேற்காடு ஏரியில், தோணிரேவு மீனவர் ஒருவர் ஆடும் தோணியில் நின்று கோலூன்றுவதாகக் கொள்வோம். அவருடைய ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக்கோடு பாதங்களின் எல்லைக்குள் விழவேண்டும், இன்றேல் விழுவார். அக்கோட்டை உள்ளே நிறுத்துவதில் கணுக்கால் தசைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால், சாய்வைத் தசைக்கு அறிவிப்பது எது?

1840களில் ஜெர்மன் மருத்துவர் ராம்பர்க், தண்டுவட நோயாளிகள் சிலர் கண்ணை மூடியதும் தள்ளாடுவதைக் கண்டார். தசையில் வலு இருந்தது. கால்களிலிருந்து செய்திதான் சரிவர வரவில்லை. 1906-இல் ஆங்கில உடலியலாளர் ஷெரிங்டன், தசையிலும் மூட்டிலும் எழும் இவ்வுணர்வுக்குத் தனிப்பெயரே சூட்டினார்.

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் மீண்டும் பிசகுவதேன்? எலும்புகளைப் பிணைக்கும் நார் கிழியும்போது அதிலுள்ள உணர்நரம்புகளும் சிதைகின்றன என்று 1965-இல் லண்டன் மருத்துவர் ஃப்ரீமன் குழுவினர் கருதினர். ஆடும் பலகைமேல் நிற்கும் பயிற்சியைப் பரிந்துரைத்தனர். நார்த்தளர்ச்சி, வலுக்குறைவு ஆகியவற்றுக்கும் பங்குண்டு எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனினும் பலகைப் பயிற்சி நிலைத்துவிட்டது.

ஆகவே, வீக்கம் வடிந்ததும் கால் குணமாகிவிட்டதாக எண்ணலாகாது. தசைக்கு வலுவோடு சமநிலைப் பயிற்சியும் தேவை. தோணியில் நின்று பிழைப்பவருக்கு அது பிழைப்பையே காக்கும்.