மோட்டார் வண்டியின் நோய் நாடியவர்கள்

1912ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே டி. வி. சுந்தரம் அய்யங்கார் மோட்டார் பஸ் ஓட்டத் தொடங்கிய செய்தியை நீங்கள் படித்திருக்கக்கூடும். ஏறத்தாழ 35 மைல் தூரம். மாட்டுவண்டியின் நடைக்குப் பழகிய மக்களுக்கு அது பெரும் வியப்பு. பஸ் நடத்தியவரின் பெயர் வரலாற்றில் நிலைத்துவிட்டது. ஆயின், கோர்ட்டு வாய்தாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் புறப்பட்டவர்கள் வண்டிக்குள் கவலையோடு காத்திருக்க, சாலையோரத்தில் நின்று, தடுமாறும் எஞ்சினின் கோளாறு இன்னதென்று கண்டறிந்த ஓட்டுநர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. அவர்கள் எவ்வாறு சிந்தித்தார்கள் என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

அக்காலத்து வண்டிகளுள் பெயர்பெற்றது போர்டு கம்பெனியின் 'டி' மாதிரி. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டன. அதன் எஞ்சினில் நான்கு சிலிண்டர்கள். எஞ்சின் இருமுறை சுழல்வதற்குள் ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒருமுறை பெட்ரோல் ஆவி வெடிக்கும். எனவே அரைச் சுற்றுக்கு ஒரு வெடிப்பு. நான்கும் முறை தவறாமல் வெடித்தால் ஓசை சீராக இருக்கும். ஒன்று வாய்மூடினால் தாளத்தில் ஓர் இடைவெளி விழும், வண்டி குலுங்கும். பட்டறைக்காரர்கள் இதனை 'மிஸ் அடிக்கிறது' என்பார்கள்.

அனுபவமுள்ள ஓட்டுநர் உடனே திருப்புளியைத் தேடமாட்டார். முதலில் காது கொடுத்துக் கேட்பார். இடைவெளி ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருகிறதா, ஒழுங்கின்றி இங்குமங்கும் அலைகிறதா? ஒழுங்காக வந்தால் பெரும்பாலும் ஒரு சிலிண்டரின் குற்றம். அலைந்தால் நான்குக்கும் பொதுவான ஒன்றின்மீது ஐயம் செல்லும்: பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம், கார்புரேட்டரில் தூசி அடைத்திருக்கலாம். புகைக்குழாயில் கரும்புகை வந்தால் பெட்ரோல் மிகுதி; கார்புரேட்டர் இருமினால் காற்று மிகுதி. ஒரு கருவியையும் தொடுமுன்னரே பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

குற்றவாளி ஒரு சிலிண்டர்தான் என்று தெரிந்தபின் நடப்பது இன்னும் அழகானது. போர்டு வண்டியில் ஓட்டுநருக்கு எதிரே ஒரு பெட்டியில் நான்கு காயில்கள் இருக்கும், சிலிண்டருக்கு ஒன்று. மின்சார மணியின் நாக்கைப்போல் ஒவ்வொன்றிலும் ஓர் உலோகத் தகடு துடித்துக்கொண்டிருக்கும். எஞ்சின் ஓடும்போது இரண்டு தகடுகளை விரலால் அழுத்திப் பிடித்தால் அவ்விரு சிலிண்டர்களும் ஓய்ந்துவிடும். மீதி இரண்டும் சீராக ஓடினால் குற்றம் பிடித்துவைத்த இரண்டில் ஒன்றில். இப்படியே சுருக்கிக்கொண்டு போனால் ஊமையாகிய சிலிண்டர் அகப்பட்டுவிடும்.

ஆனால் எந்தச் சிலிண்டர் என்று தெரிந்தது. என்ன நோய் என்று தெரியவில்லையே? அதற்கும் வழியிருந்தது. அந்தச் சிலிண்டரின் காயிலை எடுத்துப் பக்கத்துச் சிலிண்டரின் இடத்தில் செருகி, அதனுடையதை இங்கே மாற்றுவார்கள். கோளாறும் காயிலுடன் இடம்பெயர்ந்தால் காயிலே காரணம். பெயராமல் அங்கேயே நின்றால் அடுத்து ஸ்பார்க் பிளக்கை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு கம்பியை. இவை யாவும் குற்றமற்றவை என்றால் எஞ்சினை நிறுத்திவிட்டு, முன்புறக் கைப்பிடியை மெல்லச் சுழற்றுவார்கள். அரைச் சுற்றுக்கு ஒருமுறை கையில் எதிர்ப்பு தெரியவேண்டும். நான்கில் ஒருமுறை கை இலகுவாகப் போனால் வால்வு சரியாக மூடவில்லை, அல்லது பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளியிட்ட தருக்க நூலில் 'வேறுபாட்டு முறை' என்று ஒன்றை விளக்குகிறார். இரண்டு நிலைகளில் ஒன்றே ஒன்று மட்டும் வேறுபட்டு, விளைவும் வேறுபடுமாயின், காரணத்தை அந்த ஒன்றில் தேடவேண்டும் என்பது அதன் சாரம். இந்த முறையை வகுப்பில் நடத்தியபோதெல்லாம் நான் காயில் பெட்டியைத்தான் எடுத்துக்காட்டாகச் சொன்னேன். புத்தகத்தில் இருந்த எடுத்துக்காட்டுகளைவிட அது மாணவர்களுக்கு விரைவில் புரிந்தது.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காவிரிப் படுகையின் ஈரத்தை நீங்கள் அறிவீர்கள். அந்தப் பெட்டியோ மரத்தால் ஆனது. மரம் ஈரத்தை உறிஞ்சினால் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் மரத்தின் வழியே கசியும். அப்போது காயிலை மாற்றினும் பயனில்லை, பெட்டியை உலர்த்தவேண்டும். அடைமழையில் குலுங்கி, வெயில் வந்ததும் நலமாகிற வண்டிக்கு நோய் எங்கே என்று தேட வானிலையையும் கணக்கில் சேர்க்கவேண்டியிருந்தது.

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்ததும் மரக்கரியை எரித்து உண்டாக்கிய வாயுவால் பஸ்கள் ஓடின. அதற்கான சாதனத்தை டி. வி. எஸ். நிறுவனமும் செய்து அளித்தது. என் மாணவப் பருவத்தில், 1970களில், கும்பகோணத்துப் பட்டறையொன்றில் முதியவர் ஒருவர் அந்தக் கரி பஸ்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பழைய வரிசைப்படி பிளக்கில் தொடங்கினால் பொழுதுதான் வீணாகுமாம். சாம்பலும் தாரும் வடிகட்டியை அடைக்கும். குழாயின் மூட்டில் சிறு விரிசல் இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து வாயு நீர்த்துப்போகும். ஆகவே அவர் முதலில் மூட்டுகளைத்தான் பார்ப்பாராம். அந்த வாயுவில் கார்பன் மோனாக்ஸைடு என்னும் கொடிய நஞ்சு உண்டு. அதற்கு மணமும் இல்லை. கசிவை மூக்கால் கண்டுபிடிக்க நினைத்தால் உயிருக்கே ஆபத்து.

பின்னர் டீசல் பஸ்கள் வந்தன. டீசல் எஞ்சினில் தீப்பொறியே கிடையாது. பிளக்கும் இல்லை, காயிலும் இல்லை. எனினும் பட்டறையில் நான் கண்டது பழைய முறையேதான். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டருக்கும் எண்ணெய் செல்லும் குழாயின் மூட்டைச் சிறிது தளர்த்துவார்கள். ஓசை மேலும் கெட்டால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் அதுதான் சோம்பியிருந்தது!

வயலில் தண்ணீர் இறைக்கும் எண்ணெய் எஞ்சினுக்கு மட்டும் இந்த உபாயம் செல்லாது. அதில் பெரும்பாலும் ஒரே சிலிண்டர். ஒப்பிட்டுப் பார்க்கத் துணை இல்லை. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது வழக்கம். அது தவறிய ஆண்டுகளில் குறுவை நாற்றைக் காப்பாற்ற இந்த எஞ்சினையே நம்பியிருந்தார்கள். அது நின்றால் நாற்று வாடும். அப்போது பக்கத்து வயல்காரரிடம் சொல்லி, நன்றாக ஓடும் அவருடைய எஞ்சினிலிருந்து இன்ஜெக்டரைக் கழற்றி வந்து இதில் பொருத்திப் பார்ப்பார்கள். எஞ்சின் ஓடிவிட்டால் கோளாறு இன்ஜெக்டரில்தான். இரவலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பழையதைத் துணியில் சுற்றிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார்கள்.