வெட்டியவனும் விற்றவனும்: பாலாற்றுத் தோல் வட்டாரத்தின் மலையும் செம்மரமும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் தோல் வட்டாரத்துக்குத் தெற்கே எழும் ஜவ்வாது மலையின் மக்கள், 2010களில் செய்தித்தாள்களில் இடம்பெற்றதெல்லாம் பெரும்பாலும் செம்மரக் கடத்தல் கும்பலின் ஆட்களாகவே. அதே கடத்தலைக் களமாகக் கொண்டு சுகுமார் இயக்கத்தில் 2021 டிசம்பரில் வெளிவந்து தமிழிலும் ஓடிய ‘புஷ்பா’ திரைப்படம், காட்டுக்குள் கூலிக்கு மரம் வெட்டப் போன ஒருவன் தன் துணிவாலும் சூழ்ச்சியாலும் கடத்தல்காரர்களின் கூட்டமைப்புக்கே தலைவனாவதைக் காட்டியது. 2024இல் வந்த இரண்டாம் பாகம் அவனை அரசியல்வாதிகளையே ஆட்டிவைக்கும் இடத்தில் கொண்டு நிறுத்தியது. ‘நாயகன்’ (1987) தொட்டுத் தென்னிந்தியச் சினிமாவுக்குப் பழகிப்போன இந்த ஏற்றக் கதை, செம்மரத்தின் உண்மை வரலாற்றோடு ஒட்டவில்லை. அந்த வரலாற்றில் வெட்டுகிறவன் எந்தப் படியிலும் ஏறவில்லை. சந்தை மாறியபோதெல்லாம் அவன் வெட்டிய பொருள்தான் மாறியது.

வட்டாரத்தின் பழைய தொழிலிலிருந்தே இதைப் பார்க்கவேண்டும். குரோமிய உப்பு கொண்டு தோலைப் பதனிடும் முறை பரவுவதற்கு முன்னர், இங்கிருந்த தொழிற்கூடங்கள் மரப்பட்டையையும் காயையும் நம்பியிருந்தன; வறண்ட நிலங்களில் வளரும் ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சாற்றில் தோலை ஊறவைத்து, பின்னர் கடுக்காய் நீரில் போட்டு நிறத்தையும் மென்மையையும் கூட்டினார்கள். கடுக்காய் விளைவது மலையில். புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என நாடுகளாகப் பிரிந்து வாழும் மலையாளிப் பழங்குடியினர் (பெயர் அப்படியிருந்தாலும் இவர்கள் தமிழ் பேசும் மக்கள்) சாமையும் பிற சிறுதானியங்களும் பயிரிட்டதோடு, கடுக்காய், புளி, தேன் முதலியவற்றைச் சேகரித்துக் கீழே அனுப்பினார்கள். அந்தக் கடுக்காயில் பதப்பட்ட தோல் கடல் கடந்து விற்றபோதும் அதைப் பொறுக்கியவர்களுக்குக் கிடைத்தது பொறுக்குகூலி மட்டுமே. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்தது. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை நடுவண் அரசு கட்டுப்படுத்தியதும் தொழிற்கூடங்கள் குரோமிய முறைக்கும் காலணி உற்பத்திக்கும் விரைந்து மாறின. மலைக்கும் சமவெளிக்கும் இடையே இருந்த அந்தப் பழைய வணிகம் சுருங்கியது.

அதே மலையில் சந்தன மரமும் இருந்தது. தனியார் நிலத்தில் நின்றாலும் சந்தனம் அரசின் உடைமை என்ற விதி 2002இல் சட்டத் திருத்தம் வரும்வரை நடைமுறையில் இருந்தது. திருப்பத்தூரில் வனத்துறை ஒரு சந்தனக் கிடங்கையே நடத்திவந்தது. தன் நிலத்து மரத்தைத் தான் விற்க முடியாத மலைவாசியைத் தேடிக் கள்ளச்சந்தைத் தரகர்கள் வந்தார்கள். அடி மரத்தை வீழ்த்தவும், வெள்ளையைச் செதுக்கி வைரத்தை எடுக்கவும் (வெள்ளை என்பது மணமற்ற வெளிக்கட்டை, வைரம் என்பது விலைபோகும் உள்கட்டை) தேர்ந்த கைகள் இப்படித்தான் இந்தத் தொழிலுக்குள் வந்தன. மலையில் சந்தனம் அருகியபோது அந்தக் கைத்திறனுக்கு ஆந்திரத்திலிருந்து அழைப்பு வந்தது.

செம்மரம் கடப்பை, சித்தூர், நெல்லூர், கர்நூல் பகுதிகளின் மலைக்காடுகளில் இயற்கையாக வளரும் மரம். அதன் சிவந்த வைரம் முதிரப் பல பத்தாண்டுகள் ஆகும். சீனத்தில் உயர்தர மரச்சாமான்களுக்கும் ஜப்பானில் ஷாமிசென் என்னும் நரம்பிசைக் கருவிக்கும் இது வேண்டப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை முறைப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் 1995இல் இது சேர்க்கப்பட்டது. சேர்க்கப்பட்ட பிறகும் தேவை குறையாததால் கள்ளவிலை உயர்ந்தது.

இக்கடத்தலின் அமைப்பு திரையில் தோன்றும் கும்பலைப் போன்றதன்று. அது ஒருவரையொருவர் அறியாத பலர் கோத்த சங்கிலி. மலையூரில் ஆள் பிடிப்பவர் மேஸ்திரி. முன்பணம் கொடுப்பவரும் அவரே. பேருந்திலும் லாரியிலும் சிறு குழுக்களாக ஏறிச் செல்லும் ஆட்களைக் காட்டின் ஓரத்தில் இன்னொருவர் ஏற்றுக்கொள்வார். அரிசியும் கோடரியுமாக உள்ளே போகிறவர்கள் நாள்கணக்கில் காட்டிலேயே தங்கி, மரத்தைச் சாய்த்து, வெள்ளையைச் செதுக்கித் தள்ளி, தோளில் சுமக்கும் அளவுக்குத் துண்டுகளாக்கி, இருளில் மைல்கணக்கில் நடந்து சாலையோரம் சேர்ப்பார்கள். அங்கே கட்டை எடையிடப்படும். வெட்டியவனின் வேலை அத்துடன் முடிந்தது. கட்டையை ஏற்றும் வண்டிக்கு முன்னால் காவலர் நிற்கிறார்களா என்று பார்த்துச் சொல்ல ஒரு கார் ஓடும், அதற்குப் ‘பைலட்’ என்று பெயர். அதன் பின்னர்க் கிடங்கு, துறைமுகம், கண்டெய்னர், வெளிநாட்டு வாங்குநர் என நீளும் பகுதியில் வெட்டியவனுக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. பங்கு கேட்டுப் பேரம் பேசும் திரைநாயகனுக்கு எதிரே பேசுவதற்கு ஒரு முதலாளி இருக்கிறான். இந்த மனிதர்களுக்கு அதுவும் இல்லை.

சங்கிலியின் நடுக்கண்ணிகள் தோல் வட்டாரத்துக்குள்ளும் இருந்தன. 2015இல் ஆம்பூரை அடுத்த பாலூரைச் சேர்ந்த ஒருவர் கொல்லப்பட்ட வழக்கின் விசாரணை செம்மரக்கட்டைகளைத் தொட்டு, வேலூர் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவின் துணைக் கண்காணிப்பாளர் ஒருவரின் கைதுவரை சென்றது.

வன்முறை ஒருபுறம் மட்டும் நிகழ்ந்ததன்று என்பதையும் சொல்லியாகவேண்டும். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் ஆந்திர வனத்துறையினர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள். கடமையில் இருந்த அவர்களின் சாவு கொடியது. அதைத் தொடர்ந்து தமிழகத்துக் கூலிகள் நூற்றுக்கணக்கில் கைதானார்கள். 2015 ஏப்ரல் 7ஆம் நாள், திருப்பதிக்கு அருகே அதே சேஷாசலத்தின் இரண்டு இடங்களில் ஆந்திரச் சிறப்பு அதிரடிப் படை சுட்டதில் 20 பேர் மாண்டனர்; அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி, சேலம் மாவட்டங்களின் மலையூர்களையும் அடிவார ஊர்களையும் சேர்ந்தவர்கள். கற்களாலும் அரிவாளாலும் தாக்கியதால் தற்காப்புக்குச் சுட்டதாகப் படை கூறியது. தங்களோடு வந்தவர்களை முந்தைய நாளே பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள் என்று உயிர்தப்பியவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தார்கள். ஆணையம் இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீட்டையும் நடுவண் புலனாய்வுத் துறை விசாரணையையும் பரிந்துரைத்தது. துப்பாக்கிக்கு முன்னே நின்று வசனம் பேசித் திரும்பும் திரைக்கடத்தல்காரனைக் கொண்டாடிய அரங்குகளில், சுடப்பட்டவர்கள் யார் என்ற கேள்வி எழவே இல்லை.

வனத்துறையினர் கொலை வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட தமிழகத் தொழிலாளர்களை 2016இல் திருப்பதி நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் அவர்களில் பலர் மொழி புரியாத மாநிலத்துச் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருந்தார்கள். வாதாட வழக்கறிஞரையும் ஜாமீனுக்கு ஆளையும் தேடி அலைந்தவர்கள் மலையில் இருந்த பெண்கள். முன்பணம் கொடுத்து அனுப்பிய மேஸ்திரிக்கு மேலே இருந்தவர்களில் ஒருவரும் அந்தச் செலவை ஏற்க வரவில்லை.