ரேடியேட்டர் இல்லாத வேன்

1970-களில் புதுச்சேரியில் வெள்ளைக்காரர்கள் ஓட்டி வந்த பெட்டி மாதிரியான வேன்கள் என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாகவே வந்தவை. சிலர் கோவாவோடு நின்றார்கள், சிலர் ஆரோவில் வரை வந்தார்கள். 1979-இல் ஈரானில் புரட்சி, ஆண்டுக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அதோடு அந்தப் பாதை அடைபட்டது.

அவற்றில் பெரும் பெயர் பெற்றது ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் வேன். பிரெஞ்சுக்காரர்கள் 'கொம்பி' என்பார்கள். பென் பொன் என்ற டச்சு வியாபாரி 1947-இல் குறிப்பேட்டில் கிறுக்கிய படம், 1950-இல் வண்டியாக வெளிவந்தது. அடுத்த ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனத்தார் படுக்கை, அலமாரி எல்லாம் வைத்து அதை வீடாக்கி விற்றார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இரண்டு மூன்று முறை நான் நடுவில் நின்று பேச்சை மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. அம்பாசடர் பழகிய நம்மூர் மெக்கானிக்கின் முதல் கேள்வி, "தண்ணி எங்க சார் ஊத்துறது?" ஊற்ற இடமே கிடையாது. எஞ்சின் பின்னால், அதைக் குளிர்விப்பது காற்றும் எண்ணெயும்தான்.

சூடு காட்டும் முள்ளும் அதில் இல்லை. பிறகு எப்படித் தெரிந்துகொள்வது? இங்கேதான் வேடிக்கை. 1600 சிசி எஞ்சினில் டைனமோவும் காற்றடிக்கும் விசிறியும் ஒரே தண்டில் சுற்றும், இரண்டுக்கும் ஒரே பெல்ட். ஆகவே பேட்டரிக்கான சிவப்பு விளக்கு எரிந்தால் பெல்ட் அறுந்திருக்கலாம், விசிறி நின்றிருக்கலாம். உடனே ஓரங்கட்ட வேண்டும். 1972 மாடலில் வந்த பெரிய எஞ்சினிலோ விசிறி நேராக கிராங்க் தண்டிலேயே இருந்தது. அதில் இந்த விளக்குக்கு அந்த அர்த்தம் இல்லை. எந்த எஞ்சின் என்று கேட்காமல் வைத்தியம் பார்க்க முடியாது.

பெல்ட் சரியாக இருந்தும் சூடேறினால்? சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு மடிப்புகளில் கசிந்த எண்ணெயும் சாலைப் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருக்கும். எஞ்சினைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை உண்டு; அது கிழிந்தால் கீழேயுள்ள சூடான காற்றையே விசிறி மறுபடி இழுக்கும். மூடுதகடுகளை அழகுக்கு என்று நினைத்துக் கழற்றிப்போட்டவர்களும் உண்டு. காற்றைத் திருப்பி விடுவதே அவைதான். எண்ணெய் விளக்கு, வண்டி நிற்கும்போது மினுக்கினால் அதுவும் சூட்டின் அடையாளமாக இருக்கலாம். எப்போதும் பாவப்பட்டது மூன்றாவது சிலிண்டர். அதற்குப் போகும் காற்றை எண்ணெய்க் குளிரூட்டி மறைத்துக்கொண்டு நின்றது. 1971 மாடலில்தான் குளிரூட்டியைப் பக்கவாட்டுக்கு நகர்த்தினார்கள்.

1979-இல் மூன்றாம் தலைமுறை வேன் வந்தது. 1982 கடைசியில் அதற்குத் தண்ணீர் எஞ்சின் போட்டார்கள். எஞ்சின் பின்னாலேயே இருக்க, ரேடியேட்டர் மட்டும் முன்னால். நடுவில் வண்டியின் நீளத்துக்குக் குழாய்கள். இனி நோயே வேறு: குழாயில் சிக்கும் காற்று. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ரேடியேட்டரின் மேல் திருகைத் திறந்து, தண்ணீர் மட்டும் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். இதில் முள் உண்டு. ஆனால் தண்ணீர் அடியோடு போய்விட்டால் அந்த முள்ளையும் நம்ப முடியாது. உணர்கருவி தண்ணீரில் நனைந்தால்தானே சரியாகச் சொல்லும்! என்னைக் கேட்டால் பழைய விளக்கே மேல்.

பிரேசிலில் மட்டும் காற்று எஞ்சினை 2005 முடிய விடாமல் பிடித்திருந்தார்கள். பிறகு அங்கும் தண்ணீர் எஞ்சின், முகப்பில் கறுப்பு ரேடியேட்டர் வலை. 2013 டிசம்பரில் அந்த உற்பத்தியும் நின்றது.