எழுவாய் இல்லாத இழப்புகள்: டாடா எஃகின் வரலாற்றை வாசித்தல்

அரசியல், பொருளாதார, தொழில்நுட்ப மாற்றங்களினூடே பெருநிறுவனங்களை வழிநடத்துவது எவ்வாறு என்ற கேள்விக்கு இந்திய மேலாண்மைக் கல்வி தவறாமல் காட்டும் சான்று டாடா எஃகு நிறுவனம். 1907-இல் பதிவான அந்நிறுவனம் காலனியாட்சி, இரண்டு உலகப் போர்கள், உரிம ஆட்சி, தாராளமயம், உலகமயம் அனைத்தையும் கடந்து நிற்கிறது. அவ்வரலாறு வழக்கமாகச் சொல்லப்படும் முறையில் ஓர் இலக்கண ஒழுங்கைக் காணலாம். வெற்றிகள் செய்வினையில் வரும்: ஜாம்ஷெட்ஜி கனவு கண்டார், தொராப்ஜி காப்பாற்றினார், ரத்தன் டாடா கோரஸை வாங்கினார். இழப்புகளோ செயப்பாட்டு வினையில் வரும்: நிலம் கையகப்படுத்தப்பட்டது, பணியிடங்கள் குறைக்கப்பட்டன, உலை மூடப்பட்டது. தமிழில் 'ஆல்' உருபேற்ற சொல்லை விட்டுவிட்டாலும் இத்தகைய வாக்கியம் குறையின்றி நிற்கும். அவ்வாறு விடுபட்ட சொற்களைச் சில இடங்களிலேனும் மீட்டு வாசித்தால் இவ்வரலாறு எப்படித் தோன்றும் என்பதே இப்பதிவின் கேள்வி.

தொடக்கத்திலிருந்தே பார்ப்போம். லண்டன் பணச்சந்தை கைவிரித்தபின், சுதேசி இயக்கம் உச்சத்திலிருந்த 1907-இல், பம்பாயில் பங்குகள் விற்பனைக்கு வந்தன. மூன்று வாரங்களில் ஏறத்தாழ 8,000 பேர் முதலீடு செய்தனர். இந்தப் பகுதியை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆண்டுக்கு 20,000 டன் தண்டவாளங்களைப் பத்தாண்டுகளுக்கு வாங்கிக்கொள்வதாகக் காலனியரசு முன்கூட்டியே வாக்களித்திருந்ததையும், சாக்சியில் ஆலைக்கான நிலத்தை 1894-ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டத்தின் வழியே அவ்வரசே பெற்றுத் தந்ததையும் அதே அழுத்தத்துடன் எழுதுவோர் சிலரே. நிலம் 'கையகப்படுத்தப்பட்டது' என்ற வாக்கியத்தில் விடுபட்டவர்கள் இரு தரப்பினர்: எடுத்த அரசு, இழந்த பழங்குடிக் கிராமத்தார். 1912-இல் முதல் எஃகு வார்க்கப்பட்டது. முதல் உலகப் போரில் மெசப்பொத்தேமியப் போர்முனைக்குத் தண்டவாளங்கள் சென்றன. 1919-இல் வைசிராய் செம்ஸ்ஃபோர்டு சாக்சிக்கு ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் சூட்டினார்.

போர் முடிந்ததும் நெருக்கடி தொடங்கியது. போர்க்காலத் தேவையை நம்பித் திட்டமிட்ட பெரும் விரிவாக்கத்தின் செலவு கணக்கை மீறியது. ஐரோப்பாவிலிருந்து மலிவான எஃகு இறங்கியது. 1924-இல் நிறுவனம் திவாலின் விளிம்பில் நின்றது. தொராப்ஜி டாடா தம் சொந்தச் சொத்துகளையும் மனைவியின் நகைகளையும் ஈடுவைத்து இம்பீரியல் வங்கியில் கடன் பெற்றார். இது உண்மை, போற்றுதற்குரியதும்கூட. ஆயினும் நிறுவனம் நிலைபெற அவர் ஈடுவைத்த நகைகள் மட்டுமே காரணமல்ல. அதே ஆண்டில் இயற்றப்பட்ட எஃகுத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிக்குக் காப்புவரி விதித்தது; உள்நாட்டுத் தண்டவாளங்களுக்கும் ரயில் பெட்டிகளுக்கும் மானியம் அளித்தது. காப்புவரியின் சுமை இறுதியில் எஃகை வாங்கியவர்மீது இறங்கியது. மானியம் பொதுப்பணத்திலிருந்து வந்தது. 'தொராப்ஜி காப்பாற்றினார்' என்ற வாக்கியத்துக்கு இன்னும் பல எழுவாய்கள் தேவை.

பாதுகாப்புக்கு ஒரு நிபந்தனையும் உடன்வந்தது: உற்பத்திச் செலவைக் குறைக்க வேண்டும். செலவுக் குறைப்பு ஆட்குறைப்பாக மாறியது. 1920, 1922 வேலைநிறுத்தங்களைத் தொடர்ந்து 1928-இல் மாதக்கணக்கில் நீண்ட மோதலுக்கு ஆட்குறைப்பு ஒரு முதன்மைக் காரணம். அவ்வாண்டு ஆகஸ்டில் சுபாஷ் சந்திர போஸ் ஜாம்ஷெட்பூர் வந்து தொழிலாளர் தரப்புக்குத் தலைமையேற்க, செப்டம்பரில் உடன்பாடு ஏற்பட்டது. எட்டு மணி நேர வேலையையும் வருங்கால வைப்புநிதியையும் சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்பே அளித்த நிறுவனம் என்ற பெருமை டாடாவுக்கு உண்டு. அப்பெருமையைச் சொல்லும்போது, அதே ஊரில் தொழிலாளர் தொடர்ந்து போராடிக்கொண்டிருந்ததையும் சேர்த்தே சொல்வதுதான் வரலாறு.

விடுதலைக்குப் பிந்தைய நாற்பதாண்டுகளைச் சுருக்கமாகக் கடக்கலாம். 1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கை புதிய எஃகு ஆலைகளைப் பொதுத்துறைக்கு ஒதுக்கியது. ஏற்கெனவே இருந்த டாடா ஆலை நீடிக்கலாம். ஆனால் விலையை அரசே நிர்ணயிக்கும், விரிவாக்கத்துக்கு அரசின் இசைவு வேண்டும். அரசு இப்போது வாடிக்கையாளராகவும் போட்டியாளராகவும் நடுவராகவும் இருந்தது. போட்டியிலிருந்து ஒதுங்கிய சந்தையில் ஆலை பழசானது, ஆள் பெருகியது.

1991-க்குப் பின் அக்கட்டுகள் தளர்ந்தன. 1992-இல் விலைக்கட்டுப்பாடு நீங்கியது. இறக்குமதி வரிகள் சரிந்தன. நிறுவனம் உலைகளைப் புதுப்பித்து, உலகின் மிகக் குறைந்த செலவில் எஃகு தயாரிப்போர் வரிசையில் சேர்ந்தது. 1990-களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 78,000 ஆக இருந்த பணியாளர் எண்ணிக்கை 2000-களின் நடுவில் சுமார் பாதியானது. முன்கூட்டியே விலகியவர்களுக்கு ஓய்வு வயதுவரை மாதந்தோறும் பணம் தரும் திட்டம் கொண்டுவரப்பட்டதால், பல ஆலைகளில் நிகழ்ந்ததைவிட இது கண்ணியமாக நடந்தது. ஆனால் அத்திட்டம் விலகியவரின் வருமானத்தை மட்டுமே காத்தது. தந்தைக்குப்பின் மகன் அதே ஆலையில் சேரும் வழக்கமுடைய ஒரு நகரத்தில், அடுத்த தலைமுறைக்கு இல்லாமற்போன பணியிடம் எந்தக் கணக்கேட்டிலும் பதிவாகவில்லை.

2006 ஜனவரி 2 அன்று ஒடிசாவின் கலிங்கநகரில் புதிய ஆலைக்குச் சுற்றுச்சுவர் எழுப்பும் பணியை எதிர்த்துத் திரண்ட ஆதிவாசிகள்மீது காவல்துறை சுட்டது. பன்னிரண்டு பேருக்குமேல் இறந்தனர். அந்நிலத்தைத் தொழிற்பேட்டைக்கெனக் கையகப்படுத்தியது மாநில அரசு, சுட்டதும் அரசின் காவலர், ஆலை நிறுவனத்துடையது. பொறுப்பு பலரிடம் பகிர்ந்து கிடக்கும்போது செயப்பாட்டு வினை எல்லோருக்கும் வசதியாகிறது.

அடுத்த ஆண்டு டாடா எஃகு தன்னைவிட உற்பத்தித் திறனில் மூன்று மடங்குக்கும் மேல் பெரிய ஆங்கிலோ-டச்சு நிறுவனமான கோரஸை ஏறத்தாழ 620 கோடி பவுண்டுக்கு வாங்கியது. குடியேற்ற நாடு ஆண்டவர்களின் ஆலையை வாங்கிவிட்டது என்று நாளேடுகள் மகிழ்ந்தன. 2008-இன் நிதி நெருக்கடி ஐரோப்பிய எஃகுத் தேவையைச் சரித்தது. அதன்பின் சீன எஃகு உலகச் சந்தையை நிறைத்தது. 2016-இல் ஸ்கன்தார்ப் ஆலையை உள்ளடக்கிய பிரிவு பெயரளவு விலையாக ஒரு பவுண்டுக்குக் கைமாறியது. வேல்சின் போர்ட் டால்பட்டில் கரி உமிழும் ஊதுலைகளுக்குப் பதிலாக மின்வில் உலை அமைக்கும் 125 கோடி பவுண்டுத் திட்டம் 2023-இல் முடிவானது. அதில் 50 கோடி பவுண்டு பிரித்தானிய அரசின் பணம். பிரித்தானியாவில் 2,800 வேலைகள் வரை போகும் என அறிவிக்கப்பட்டது.

2024 செப்டம்பர் 30 அன்று போர்ட் டால்பட்டின் கடைசி ஊதுலை அணைந்தது. அதே செப்டம்பரில் கலிங்கநகரில் இந்தியாவின் மிகப்பெரிய ஊதுலையை அதே நிறுவனம் இயக்கிவைத்தது. இரு முடிவுகளுக்கும் தனித்தனியே வணிக நியாயம் உண்டு: அங்கே தேய்ந்த உலைகளும் தொடர் நட்டமும், இங்கே இரும்புத்தாதும் வளரும் சந்தையும். ஆனால் அங்கே உலையை மூடியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்றான கரி உமிழ்வு, இங்கே புதிய உலை திறப்பதற்குத் தடையாகவில்லை.

தலைவர்களின் துணிவை மறுப்பது என் வாதமன்று. 1924-இல் தொராப்ஜி தம் சொத்தைப் பணயம் வைத்திராவிட்டால் சட்டம் வரும்வரை ஆலை பிழைத்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் ஒரு நூற்றாண்டில் இந்நிறுவனம் தாண்டிய ஒவ்வொரு திருப்பத்திலும் அரசு ஒரு கையும் தொழிலாளரும் நிலமிழந்தோரும் ஒரு கையும் கொடுத்திருக்கிறார்கள். முதலாவது விருப்பத்தோடு, இரண்டாவது பெரும்பாலும் கேட்கப்படாமலே. நிறுவன வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர்கள் ஓர் எளிய பயிற்சியைச் செய்து பார்க்கலாம்: ஆண்டறிக்கையிலோ வாழ்க்கை வரலாற்றிலோ வரும் ஒவ்வொரு செயப்பாட்டு வினையையும் செய்வினையாக மாற்றி எழுதுங்கள். எழுவாய் கிடைக்காத இடத்தில் ஆவணக்காப்பகத்துக்குச் செல்லுங்கள். தமிழில் செயப்பாட்டு வினையை ஆக்கும் 'படு' என்ற துணைவினைக்குத் துன்புறுதல் என்றும் பொருளுண்டு. பட்டவர் யார் என்று தேடத் தொடங்கும்போதுதான் தலைமை குறித்த நம் பாடங்கள் வரலாறாகத் தொடங்கும்.