உயர்நிலைச் செவிலியர்களின் தனிப்பணி உரிமை (அமெரிக்கா)

முதுநிலைப் படிப்போ அதற்கு மேலோ முடித்து, தேசியத் தேர்வில் சான்று பெற்ற செவிலியர், மருத்துவரின் மேற்பார்வையோ எழுத்து வடிவ ஒப்பந்தமோ இன்றி நோயாளியைப் பரிசோதிக்கவும், நோயைக் கண்டறியவும், மருந்துச் சீட்டு எழுதவும் சட்டம் அளிக்கும் அதிகாரம் தனிப்பணி உரிமை எனப்படும். அமெரிக்காவில் மருத்துவ, செவிலியத் தொழில்களுக்கு உரிமம் வழங்குவது மாநில அரசுகளே. எனவே ஒரே படிப்பும் ஒரே சான்றும் உடைய செவிலியரின் அதிகாரம் மாநில எல்லையைத் தாண்டினால் கூடவோ குறையவோ செய்யும்.

பிரிவுகள்

செவிலிய அமைப்புகள் 2008இல் ஏற்ற பொது வரைவு, உயர்நிலைச் செவிலியரை நான்காகப் பிரிக்கிறது: பொது மருத்துவமும் சிறப்பு மருத்துவமும் பார்க்கும் நர்ஸ் பிராக்டிஷனர், மகப்பேற்றுச் செவிலியர், மயக்க மருந்துச் செவிலியர், மருத்துவத் துறை ஒன்றில் தேர்ந்த சிறப்புச் செவிலியர். இவர்களில் எண்ணிக்கையில் மிகுந்தவர்கள் நர்ஸ் பிராக்டிஷனர்களே.

வரலாறு

மருத்துவர் இல்லாத இடங்களில்தான் இப்பணி வேரூன்றியது. மேரி பிரெக்கின்ரிட்ஜ் 1925இல் கென்டக்கி மலைப்பகுதியில் தொடங்கிய சேவையில், மகப்பேற்றுச் செவிலியர்கள் குதிரையில் சென்று வீடுகளில் பிரசவம் பார்த்தனர். மயக்க மருந்து கொடுப்பது மருத்துவர்களுக்கு மட்டுமே உரிய தொழில் என்று தொடரப்பட்ட வழக்கில், அறுவை மருத்துவரின் வழிகாட்டலில் செவிலியர் அதைச் செய்யலாம் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1936இல் தீர்ப்பளித்தது.

லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் குழந்தை மருத்துவர் ஹென்றி சில்வரும் 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் முதல் நர்ஸ் பிராக்டிஷனர் பயிற்சியைத் தொடங்கினர். முதியோருக்கான மெடிகேர், ஏழைகளுக்கான மெடிகெய்டு ஆகிய அரசுக் காப்பீடுகள் அதே ஆண்டில் சட்டமாயின. சிகிச்சை தேடி வருவோர் பெருகினர். அவர்களுக்கு ஈடாக மருத்துவர்கள் இல்லை. ஐடஹோ 1971இல் நோயறிதலையும் சிகிச்சையையும் செவிலியர் பணியாகச் சட்டத்தில் ஏற்றது. மிசூரியில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை அளித்த செவிலியர்கள் உரிமமின்றி மருத்துவத் தொழில் செய்ததாக எழுந்த குற்றச்சாட்டை அம்மாநில உச்ச நீதிமன்றம் 1983இல் ஏற்க மறுத்தது.

நாடு முழுவதும் நர்ஸ் பிராக்டிஷனர்கள் மெடிகேரிடம் நேரடியாகக் கட்டணம் கோரும் வழியை 1997ஆம் ஆண்டுச் சட்டம் திறந்தது. செவிலியர்கள் தாங்கள் பெற்ற கல்விக்கும் பயிற்சிக்கும் ஏற்ற முழு அளவில் பணியாற்ற வேண்டும் என்று தேசிய மருத்துவக் கழகத்தின் அறிக்கை 2010இல் பரிந்துரைத்தது. முன்னாள் படைவீரர் நலத்துறை 2016 டிசம்பரில் தன் மருத்துவமனைகளில் மயக்க மருந்துச் செவிலியர் நீங்கலான மற்ற மூன்று பிரிவினருக்கும் இவ்வுரிமையை வழங்கியது.

மாநிலச் சட்டங்கள்

நர்ஸ் பிராக்டிஷனர்களைப் பொறுத்தவரை மாநிலங்கள் மூவகைப்படும்: முழு உரிமை தருபவை, மருத்துவருடன் ஒப்பந்தம் கேட்பவை, மேற்பார்வையைக் கட்டாயமாக்குபவை. அலாஸ்கா, ஓரிகன், வாஷிங்டன் உள்ளிட்ட பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இன்று முதல் வகையில் உள்ளன. இடைவழி கண்ட மாநிலங்களும் உண்டு. கலிபோர்னியா 2020இல் இயற்றிய சட்டப்படி, மூன்றாண்டு அல்லது 4,600 மணி நேரப் பயிற்சிக்குப் பின் மருத்துவர் உள்ள நிலையங்களில் மேற்பார்வையின்றிப் பணியாற்றலாம். அந்நிலையில் மேலும் மூன்றாண்டு கழித்தவர்கள் தனி மருத்துவ நிலையம் நடத்தலாம். ஃபுளோரிடா அதே ஆண்டில் 3,000 மணி நேர அனுபவம் உடையவர்களுக்கு அடிப்படை மருத்துவத்தில் மட்டும் தனிப்பணியை அனுமதித்தது.

டெக்சஸில் மருந்து எழுதும் அதிகாரம் மருத்துவர் ஒப்படைப்பதாகவே கருதப்படுகிறது. பொதுவாக ஒரு மருத்துவர் ஏழு பேருக்கு மேல் அதை ஒப்படைக்க முடியாது. இத்தகைய ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் மருத்துவர் அதே கட்டடத்தில் இருக்க வேண்டியதில்லை. பல வேளைகளில் வேறு ஊரில் இருந்தபடி, நோயாளிப் பதிவேடுகளில் ஒரு பகுதியை அவ்வப்போது சரிபார்ப்பார். இதற்கு மாதந்தோறும் கட்டணம் வாங்குவோரும் உண்டு. அவர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ, கையெழுத்திட இன்னொருவர் கிடைக்கும்வரை செவிலியர் மருந்து எழுத முடியாது. சிற்றூரில் அந்தச் செவிலியரிடம் நெடுநாள் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மருந்து பெற்றுவந்தவர்கள் வேறு ஊருக்கு அலைய நேர்கிறது. சட்டத்தின் சுமை இங்கு நோயாளியின் மேல் விழுகிறது.

விவாதம்

அமெரிக்க மருத்துவச் சங்கம் இவ்வுரிமையைத் தொடர்ந்து எதிர்க்கிறது. மருத்துவர் பெறும் நேரடி நோயாளிப் பயிற்சி பத்தாயிரம் மணி நேரத்தைத் தாண்டுகிறது. நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பில் அது பல காலமாகக் குறைந்தது 500 மணி நேரமாகவே இருந்தது. சிக்கலான நோய்களில் இந்த இடைவெளி ஆபத்தாகலாம் என்பது சங்கத்தின் வாதம். இது புறந்தள்ளத்தக்கதல்ல, அனுபவ மணி நேரத்தைச் சில மாநிலங்கள் நிபந்தனையாக்கியது இதனால்தான்.

எனினும் அடிப்படை மருத்துவத்தில் கிடைத்துள்ள சான்றுகள் செவிலியர்களுக்குச் சாதகமானவை. நியூயார்க்கில் 1,316 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் நர்ஸ் பிராக்டிஷனர்களிடமோ மருத்துவர்களிடமோ அனுப்பி நடத்திய ஆய்வு 2000இல் வெளியானது. இரு தரப்பினருக்கும் சம அதிகாரம் தரப்பட்டிருந்த அச்சூழலில், ஆறு மாதங்களுக்குப் பின் நோயாளிகளின் உடல்நிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. தேவைக்கு மீறிய மேற்பார்வை விதிகள் போட்டியைக் குறைத்துச் செலவைக் கூட்டும் என்று கூட்டாட்சி வணிக ஆணையம் 2014இல் சுட்டிக்காட்டியது.

எஞ்சியுள்ள தடைகள்

மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் பிற விதிகள் குறுக்கிடுகின்றன. மெடிகேர் நோயாளிக்கு வீட்டுச் செவிலியச் சேவை தேவை எனச் சான்றளிக்கும் அதிகாரம் 2020 கொரோனா நிவாரணச் சட்டத்தில்தான் கிடைத்தது. மருத்துவமனைகளின் உள்விதிகள் நோயாளியை அனுமதிக்கும் உரிமையை மறுக்கலாம். நர்ஸ் பிராக்டிஷனர் தம் பெயரில் கோரும் கட்டணத்துக்கு, மருத்துவருக்குரிய தொகையின் 85 விழுக்காட்டையே மெடிகேர் தருகிறது.