பழைய லாரிகளை ஓட வைத்தவர்கள்

திருவாதவூர் என்றதும் பாடப்புத்தகம் மாணிக்கவாசகரைச் சொல்லும். பாண்டிய மன்னனுக்குக் குதிரை வாங்கப் போனவர், அந்தப் பணத்தில் கோயில் கட்டினார், நரிகள் பரிகளாகி வந்தன, இரவில் மறுபடி நரிகளாயின. இதுதான் கதை. குதிரை அன்றைய அரசின் கனரக வாகனம். கதையில் மன்னன் இருக்கிறான், அமைச்சர் இருக்கிறார், இறைவனே குதிரைச் சேவகனாக வருகிறான். லாயத்தைச் சுத்தம் செய்தவர்களும் புல் அறுத்துப் போட்டவர்களும் கதையில் இல்லை.

லாரியின் வரலாறும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆலை வைத்தவர் பெயர் இருக்கிறது, முதல் பஸ் விட்டவர் பெயர் இருக்கிறது. மேலூர், ஒத்தக்கடை சாலையோரப் பட்டறைகளில் வண்டிக்கு அடியில் படுத்து முப்பது வருஷத்து லேலண்டை ஓட வைத்தவர் பெயர் இல்லை. அந்தப் பெயர்களில் நம் சேரிகளின் பெயர்கள் நிறைய உண்டு. ஆகவே இந்த வரலாற்றை நாங்கள் வண்டியின் பக்கமிருந்து சொல்லாமல் நம் மக்களின் பக்கமிருந்து சொல்கிறோம்.

முதலில் சாலை, பிறகு வண்டி

வண்டிக்கு முன்னால் சாலை. பொதுச்சாலையிலும் தெருவிலும் நடக்க ஒடுக்கப்பட்ட மக்களைத் தடுக்கக் கூடாது என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். நடப்பதற்கே தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

அடுத்தது பஸ். தனியார் பஸ்கள் ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுத்தன. ராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்திரபாண்டியன், அப்படி மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். ஆதிக்கம் இதைச் சும்மா விடவில்லை. 1931 ஜூனில் அதே ராமநாதபுரம் மாவட்டத்தில் நாட்டார்கள் கூடி ஆதிதிராவிடர்களுக்குப் பதினோரு தடைகள் விதித்தார்கள். படிக்கக் கூடாது, கல்யாண ஊர்வலத்தில் குதிரை ஏறக் கூடாது, பல்லக்குக்குப் பதில் வீட்டுக் கதவைப் பயன்படுத்த வேண்டும், எந்தக் காரியத்துக்கும் எந்த வாகனத்தையும் பயன்படுத்தக் கூடாது. அந்த ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். மேலூர் தாலுகாவுக்குப் பக்கத்து மாவட்டத்தில், நம் தாத்தாக்கள் காலத்தில் நடந்தது இது.

தோழர்களே, வாகனம் ஏன் இவ்வளவு உறுத்தியது? வண்டியில் போகிறவன் மற்றவர்களைவிட உயரத்தில் உட்காருகிறான். நினைத்த நேரத்தில் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறான். ஊரைத் தாண்டிப் போகத் தெரிந்தவனைப் பண்ணையில் கட்டி வைக்க முடியாது.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலும் இந்த முடிச்சு இரண்டு முறை வருகிறது. 1901இல் சிறுவனாகத் தந்தையைப் பார்க்கப் போகும்போது, தீண்டப்படாத பிள்ளைகளுக்கு மாட்டுவண்டி ஓட்ட யாரும் முன்வரவில்லை. இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள, வண்டிக்காரர் கூடவே நடந்து வந்தார். 1929இல் சாளிஸ்காவுனில் அவர் பாரிஸ்டர், அரசுக் குழுவின் உறுப்பினர். அப்போதும் டோங்கா ஓட்டிகள் அவருக்கு வண்டி ஓட்ட மறுத்தார்கள். ஊர் மகார் மக்கள் டோங்காவை வாடகைக்கு எடுத்தார்கள், ஓட்டிப் பழக்கமில்லாத ஒருவர் ஓட்டினார், சிறு பாலத்தில் வண்டி மோதியது, அண்ணல் தூக்கி வீசப்பட்டுக் கால் முறிந்தது. சாதி ஓட்ட மறுத்தது மட்டும் அல்ல, நம்மவரை ஓட்டப் பழகவும் விடவில்லை. அந்த விலையை அண்ணலின் கால் கொடுத்தது.

போர் கொண்டுவந்த இரும்பு

மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் பஸ் ஓட்டத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது, பெட்ரோலுக்குப் பதில் வாயுவால் வண்டியை ஓட்டும் கேஸ் பிளான்ட்டை டி.வி.எஸ். தயாரித்தது. ராணுவத்துக்கு ஆயிரக்கணக்கில் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் தேவைப்பட்டார்கள். அடுப்படிக்கும் தோட்டி வேலைக்கும் மட்டும் கூப்பிடப்பட்டவர்களில் சிலர் ஸ்டியரிங் பிடித்தது அப்போதுதான். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட ஃபோர்டு, செவர்லே, டாட்ஜ் லாரிகள் ஏலத்துக்கு வந்தன. இந்தியாவின் தனியார் லாரித் தொழில் கணிசமாகப் பழைய வண்டியைச் சரிசெய்து ஓட்டியே வளர்ந்தது.

பிறகு நம் ஊர் வண்டிகள் வந்தன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், எண்ணூரில் லேலண்ட் காமெட் லாரிகளைச் செய்தது. 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. 1954இல் டாடா, ஜெர்மனியின் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தது. இந்த வண்டிகளின் பெருமை, கையால் சரிசெய்ய முடியும் என்பது. மின்னணு எதுவும் கிடையாது. இன்ஜினை இறக்கலாம், போர் அடிக்கலாம், பிஸ்டன் மாற்றலாம், முறிந்த பட்டையைக் கொல்லுப் பட்டறையில் அடித்து வளைக்கலாம், பிரேக் லைனிங்கை ரிவெட் அடித்து ஒட்டலாம், உளுத்துப்போன மரப் பாடியைக் கழற்றிப் புதிதாகக் கட்டலாம். இருபது வருஷத்து லாரி இப்படி மூன்று நான்கு பிறவி எடுக்கும்.

இந்த வேலைக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் பட்டறைக்கோ லாரிக்கோ வருவான். கிரீஸ் அடிப்பான், டயர் கழற்றுவான், அடிப்பாகத்தில் அப்பிய சேற்றைச் சுரண்டுவான். கிளீனராக ராத்திரியெல்லாம் டிரைவருக்குத் தூக்கம் வராமல் பேச்சுக் கொடுப்பான். இரண்டு தரம் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் பக்குவம் காலுக்கு வர வருஷங்கள் ஆகும். ஒருநாள் ஆளில்லாத சாலையில் டிரைவர் ஸ்டியரிங்கைக் கொடுப்பார். குழந்தை உழைப்பு இது, இதை நாங்கள் கொண்டாடவில்லை. ஆனால் பண்ணைக் கூலியின் பிள்ளைக்கு இன்ஜினைத் திறந்து காட்டிய ஒரே பள்ளிக்கூடமும் இதுதான்.

அந்த வேலை ஒரு விடுதலையையும் கொடுத்தது. நாக்பூர் பக்கத்துச் சாலையோர ஓட்டலில் தமிழ்நாட்டு டிரைவரிடம் யாரும் எந்தத் தெரு என்று கேட்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே டம்ளர். அதே மனிதர் பத்து நாள் கழித்து ஊருக்கு வந்து டீக்கடைக்குப் போனால் தனிக் குவளை. மேலூர் வட்டாரக் கிராமங்களில் இரட்டைக் குவளைக்கு எதிராக நடந்த போராட்டங்களில் வெளியூர் பார்த்துத் திரும்பியவர்களின் கோபத்துக்கும் பங்கு உண்டு.

ஸ்டியரிங் கிடைத்தது, ஆர்.சி. புத்தகம்?

ஓட்டுவது வேறு, உடைமை வேறு. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பர்மிட் முறையைக் கொண்டுவந்தது. லாரி வாங்கப் பணம் வேண்டும், பர்மிட் வாங்க அதிகாரிகள் பழக்கம் வேண்டும், கடனுக்கு ஈடாக நிலம் வேண்டும். மூன்றும் நம்மிடம் இல்லை. 1978இல் நடந்த திருத்தம்தான் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்குப் பர்மிட்டில் ஒதுக்கீடு கொடுத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் 71ஆவது பிரிவு பஸ் பர்மிட்டுகளுக்கு மட்டும் அந்த ஒதுக்கீட்டை வைத்திருக்கிறது. சரக்கு லாரிக்கு அந்தச் சட்டத்தில் அப்படியொரு பிரிவு இல்லை.

சட்டம் தராததைப் பழைய லாரி தந்தது. இரண்டு அச்சு லாரிக்கு 12 வயதைத் தாண்டினால் நேஷனல் பர்மிட் கிடையாது. பெரிய முதலாளி அதை விற்றுவிட்டுப் புது வண்டி எடுப்பார். விலை இறங்கும். அப்போதுதான் அதே வண்டியில் பல வருஷம் ஓடிய டிரைவர், நகையை அடகு வைத்து, பைனான்ஸில் வட்டிக்கு வாங்கி, அதைத் தன் பெயருக்கு மாற்றுவார். இன்ஜினை இறக்கி வேலை பார்த்து, பாடியைச் சீர்செய்து, பெயின்ட் அடித்து, எஃப்.சி. காட்டி, செங்கல்லும் வைக்கோலும் தண்ணீரும் ஏற்றுவார். நெடுஞ்சாலையில் கழிக்கப்பட்ட வண்டி ஊர்ச்சாலையில் ஒரு குடும்பத்தை முதலாளி ஆக்கும். முன்கண்ணாடிக்கு மேலே தன் பிள்ளை பெயரை எழுதிக்கொள்வார்.

1997: பெயரும் பயணமும்

வண்டியில் எழுதும் பெயர் சின்ன விஷயம் இல்லை. 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. பஸ் அதே பஸ், கட்டணம் அதே கட்டணம். தலித் ஒருவர் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று சாதி இந்துக்கள் கிளம்பினார்கள், தென்மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அதே ஆண்டில் அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை எடுத்துவிட்டது. மற்ற தலைவர்களின் பெயர்கள் எத்தனையோ ஆண்டுகள் ஓடின. நம் பெயர் வந்ததும் பெயர் வைக்கும் வழக்கமே நின்றது.

அதே 1997 ஜூன் 30 அன்று, திருவாதவூர் இருக்கும் இதே மேலூர் வட்டாரத்தில், மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனும் அவரோடு ஐந்து பேரும் ஓடும் பஸ்ஸை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தலைவர் நாற்காலியில் உட்கார்ந்ததுதான் குற்றம். 1931இல் வாகனம் ஏறாதே என்றவர்களின் குரல் 66 ஆண்டுகளுக்குப் பிறகும் சாலையில்தான் காத்திருந்தது.

இப்போது மூடப்படும் கதவு

இன்று யாரும் வெளிப்படையாகத் தடை போடுவதில்லை. விதிகள் வருகின்றன. 2007இல் கனரக, வணிக வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி கட்டாயம் என்றார்கள். பள்ளியை விட்டு விரட்டப்பட்ட பையன்களே அதிகம் வந்த தொழிலில் இது யாரைத் தடுத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2019இல்தான் அது நீக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பி.எஸ். 6 வந்தது. புது லாரியைத் திறக்க ஸ்பேனர் போதாது, கம்பெனியின் கம்ப்யூட்டர் வேண்டும். சாலையோர மெக்கானிக்கின் கைக்கு அங்கே வேலை குறைவு.

2021இல் பழைய வாகனக் கழிவுக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 15 ஆண்டைத் தாண்டிய கனரக வண்டிக்கு எஃப்.சி. கட்டணத்தை 12,500 ரூபாயாக உயர்த்திய மத்திய விதி 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எட்டு ஆண்டைத் தாண்டிய வண்டி ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். ஐம்பது லாரி வைத்திருப்பவரிடம் 15 வயது வண்டி இருக்காது. ஒற்றை லாரிக்காரரிடம் இருப்பதே அதுதான்.

பழைய லாரி புகை கக்குகிறது, பிரேக் பிடிக்காமல் உயிர் எடுக்கிறது. உண்மை. சாலையோரச் சேரிதான் அந்தப் புகையையும் முதலில் சுவாசிக்கிறது. ஆகவே பழைய வண்டி என்றென்றைக்கும் ஓடட்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அதைக் கழிக்கும்போது அதை ஓட வைத்தவருக்குப் புது வண்டியில் என்ன பங்கு என்று கேட்கிறோம். தாட்கோ 1974லிருந்து இருக்கிறது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 2023லிருந்து 35 சதவீத முதலீட்டு மானியம் தருகிறது. ஒற்றைப் பழைய லாரிக்காரர் அதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுக்கத் தனி ஏற்பாடு வேண்டும். பட்டறை அனுபவத்தை ஐ.டி.ஐ. சான்றிதழாக மாற்றும் வழியும், புது இன்ஜின் தொழில்நுட்பத்தில் கட்டணமில்லாப் பயிற்சியும் வேண்டும்.

இங்கிலாந்தில் லேலண்ட் என்ற ஊரில் பழைய லாரிகளுக்கென்றே அருங்காட்சியகம் உண்டு. நம் ஊரில் லேலண்ட் காயலான் கடைக்குப் போகிறது, அதை ஓட வைத்தவரின் நினைவும் கூடவே போகிறது.

அதனால் மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் தெருவில் லாரி ஓட்டிய, பட்டறையில் நின்ற பெரியவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். போனில் பதிவு செய்யுங்கள். எந்த வயதில் வண்டிக்கு வந்தார், யார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், உரிமம் எடுக்க என்ன பாடுபட்டார், எந்த ஊர் டீக்கடையில் என்ன நடந்தது, சொந்த வண்டி வாங்கினாரா, எப்படிப் போனது என்று கேளுங்கள். கூடவே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். 71ஆவது பிரிவின்படி இந்த மாவட்டத்தில் பட்டியல் சாதியினருக்குக் கொடுத்த பஸ் பர்மிட் எத்தனை என்று கேளுங்கள். பதில் வந்ததும் எங்களுக்கு அனுப்புங்கள், அடுத்த கட்டுரையை அதிலிருந்து தொடங்குவோம்.

ஜெய் பீம்.